சீருடை இல்லை என்பதற்காக

மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வளைகுடாவிலிருந்து கச்சா எண்ணெய் கப்பலில்தான் வருகிறது. செங்கடலிலோ ஏடன் வளைகுடாவிலோ ஏவுகணை பறந்தது என்று செய்தி வந்தால், எண்ணூரிலும் ராயபுரத்திலும் கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் அன்று சோறு இறங்காது. போர் நடக்கும் கடலில் ஆயுதமில்லாமல் வேலை பார்க்கும் இவர்களை முன்னாள் படைவீரர்களுக்குச் சமமாக நடத்த வேண்டுமா? அரசின் தேவைக்காகப் போனவர்களை அப்படி நடத்தியே ஆக வேண்டும் என்பது நம் கருத்து.

2024 ஜனவரி 26. நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஏடன் வளைகுடாவில் நாப்தா ஏற்றிச் சென்ற மார்லின் லுவாண்டா கப்பலை ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணை தாக்கியது. கப்பலில் 22 இந்தியர், ஒரு வங்கதேசத்தவர். நுரைக் கரைசல் தீர்ந்த பிறகும் கடல்நீரைப் பீய்ச்சித் தீயோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படை வீரர்கள் வந்து கைகொடுத்தார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு அந்த ஆண்டு கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் வீர விருது அளித்தது. தீ ஒன்றுதான். ஆனால் அதில் கை கருகியிருந்தால், கடற்படைக்காரருக்கு ராணுவ மருத்துவமனை இருக்கிறது. கப்பல்காரருக்கு அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

இது இன்று நேற்று வந்த பாகுபாடு அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையை இன்றும் சொல்கிறோம்; அங்கே நின்ற வணிகக் கப்பலின் மாலுமிகள் குண்டடி பட்டதை விட்டுவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் சுமார் 6,000 இந்திய வணிகக் கடலோடிகள் மாண்டார்கள். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு, உடன் வேலை செய்த வெள்ளையரின் கூலியில் சிறு பங்குதான் கிடைத்தது. அமெரிக்கா தன் போர்க்கால வணிகக் கடலோடிகளை முன்னாள் படைவீரர் பட்டியலில் சேர்க்க 1988 ஆயிற்று. அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தரையிலும் இதே கதைதான். எல்லையில் சாலை போடும் கிரெஃப் பிரிவினர் ஆயுதப் படையைச் சேர்ந்தவர்களே என்று 1983-இல் விஸ்வன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அவர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு வேலையில் இடம் ஒதுக்கிய 1979-ஆம் ஆண்டு விதிகள் இதே பிரிவினரைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தன. கட்டுப்படுத்தும்போது சிப்பாய், கொடுக்கும்போது சிவிலியன். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

"காசுக்குத்தானே போனார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிப்பாயும் சம்பளம் வாங்குகிறார்; அதனால் அவருடைய தியாகம் குறைந்துவிடவில்லை. சிப்பாய் மறுக்க முடியாது, கடலோடி மறுக்கலாம் என்பது இதைவிட வலுவான வாதம். போர் அபாயப் பகுதிக்குள் நுழைய மறுக்கும் உரிமையையும், அங்கே இரட்டிப்பு அடிப்படைச் சம்பளத்தையும் சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் தந்திருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் எல்லாக் கப்பல்களுக்கும் இல்லை. வேலை வாங்கக் கடன்பட்டுப் போன பையன் மறுத்துவிட்டு இறங்கினால், ஏஜென்ட் அடுத்த கப்பல் தருவாரா?

ஆகவே கோட்டை இப்படிக் கிழிப்போம். அரசு உத்தரவிலோ அரசுச் சரக்கோடோ போர்ப் பகுதிக்குப் போனவருக்கு, காயத்துக்கு ராணுவ மருத்துவம், உயிரிழந்தால் குடும்ப ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் நலத்துறையில் பதிவு ஆகிய மூன்றும் உரிமையாக வேண்டும். கிரெஃப் பிரிவினருக்கும் அப்படியே. தனியார் லாபத்துக்காகப் போனவருக்கு அந்தத் தகுதி தர வேண்டியதில்லை. ஆனால் அவருக்கான முழு இழப்பீட்டையும் கம்பெனியிடமிருந்து வாங்கித் தரும் பொறுப்பு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு உண்டு. ஆள் சேர்த்த ஏஜென்ட்டும் தப்பக் கூடாது. கூலிக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிதி அமைச்சகம் கேட்கும். போர்க்காலத்தில் எண்ணெய் வந்துசேர வேண்டும் என்றால் அதைக் கொண்டுவருகிறவரின் உயிரும் அந்த எண்ணெயின் விலையில் சேர்ந்ததுதான். அதைக் கொடுக்காமல் எண்ணெயை மட்டும் வாங்கிக்கொள்ளும் அரசு, தன் கடலோடிகளைச் சுரண்டுகிறது.