எனிமா குடலைச் சுத்தம் செய்யுமா?

எனிமா என்றாலே சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இயற்கை மருத்துவம் பேசுகிறவர்களில் பலர், எண்ணெய்க் குளியல் மாதிரி வாரம் ஒருமுறை எனிமா எடுக்கச் சொல்கிறார்கள். குடல் சுவரில் வருஷக்கணக்காக கழிவு ஒட்டிக்கொண்டு விஷமாகிறதாம், எல்லா நோயும் அங்கேதான் ஆரம்பமாம்.

இது ரொம்பப் பழைய கதை. நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஜான் ஹார்வி கெல்லாக் இதையேதான் சொன்னார் (தம்பியோடு சேர்ந்து கார்ன் ஃப்ளேக்ஸ் செய்த அதே ஆள்தான்!). 1919-ல் வால்டர் அல்வாரெஸ் என்ற டாக்டர் ஒரு எளிய கேள்வி கேட்டார். மலச்சிக்கலில் வரும் தலைவலி, வெளியே போய் வந்த உடனே விட்டுவிடுகிறது. ரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் போகுமா? மலக்குடல் விரிந்து அழுத்துவதுதான் காரணம் என்றார் அவர்.

உண்மையில் குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாகிறது. அதில் வருஷக்கணக்காக எது ஒட்டியிருக்கும்? அதோடு, ஜீரணம் பெரும்பாலும் நடப்பது சிறுகுடலில். எனிமா தண்ணீர் போவதோ பெருங்குடலுக்கு. அப்புறம் எப்படி ஜீரண சக்தி கூடும்?

அதற்காக எனிமாவே வேண்டாம் என்பதில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு மலம் கல்லாக இறுகிவிட்டால் அதுதான் கைகொடுக்கும். கைக்குழந்தைக்கு குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டால், ஆசனவாய் வழியாக காற்றோ திரவமோ செலுத்தி பல நேரங்களில் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்துவிடுகிறார்கள். உயிர் காக்கிற எனிமா இது.

வீட்டில் அடிக்கடி செய்வதுதான் பிரச்சனை. நிறைய வெறும் தண்ணீரை ஏற்றினால் ரத்தத்தில் உப்பின் அளவு குலைந்துபோகலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் எடுத்தால் சிறுநீரகம், இதயம் பாதிக்கலாம், உயிரே போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது. காபி எனிமா என்றும் ஒரு கூத்து உண்டு (காபியை வாயால் குடித்தால் ஆகாதா?). அதோடு தொடர்புடைய இரண்டு மரணங்களை 1980-லேயே ஒரு அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. திடீரென்று மலச்சிக்கல், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது... இவை குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எனிமா எடுத்ததும் வயிறு லேசாகிவிடும், "சரியாயிடுச்சு" என்று தோன்றும். டாக்டரிடம் போவது அப்படியே தள்ளிப்போகும், சில சமயம் மாதக்கணக்கில்.