ஸ்னீக்கா, ஸ்லிப்பா?

என் அண்ணன் மகள் போன வாரம் போனில் பொரிந்து தள்ளினாள். ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து அழைப்பு. குழந்தைக்குக் காய்ச்சலாம். யாரையும் தொந்தரவு செய்யாமல் எழுந்து கிளம்பிவிட்டாள். பிறகு மேலதிகாரிக்கு மெயில் அனுப்பினாள்: “ஐ ஸ்னீக்டு அவுட் ஆஃப் த மீட்டிங்.” வந்த பதில், “வொய் ஸ்னீக்?”

“சத்தமில்லாம வந்தேன்னுதானே சித்தப்பா எழுதினேன்?”

இல்லையம்மா. ‘கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்தேன்’ என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்!

தமிழில் ‘போனான்’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, ‘நைசாக’, ‘பூனை மாதிரி’, ‘திருட்டுத்தனமாக’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தே சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த நோக்கமும் வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ‘ஸ்னீக்’ என்றால், தெரிந்தால் தடுப்பார்கள் என்பதால் மறைந்து போவது. ஹாஸ்டலிலிருந்து செகண்ட் ஷோவுக்குப் போவது ஸ்னீக். ‘ஸ்லிப் அவுட்’ என்றால் யார் கவனத்தையும் கலைக்காமல் சட்டென்று வெளியேறுவது. அதில் குற்றம் ஒட்டுவதில்லை.

தூங்கும் குழந்தையைத் தாண்டி நுனிக்காலில் நடக்கிறீர்களா? ‘டிப்டோ’. அதுவே மெதுவாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு என்றால் ‘க்ரீப்’. இறந்தகாலம் ‘க்ரெப்ட்’. மீனைத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குகிறதே, அது ‘ஸ்லிங்க்’. அவமானம் கலந்த நழுவல். ‘ப்ரௌல்’ இரை தேடும் புலிக்கும், நோட்டம் பார்த்துச் சுற்றும் திருடனுக்கும்.

‘ஸ்டீல்’ என்றால் திருட்டு மட்டும்தான் என்று நினைத்திருப்போம். ‘ஷி ஸ்டோல் அவுட் ஆஃப் த ரூம்’ என்று கதையில் வந்தால் பீரோவைச் சோதிக்க வேண்டாம். ஓசைப்படாமல் வெளியே போனாள், அவ்வளவுதான். ‘ஸ்டெல்த்’ என்ற சொல்லும் இதோடு உறவுள்ளதே.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்னீக்’கின் இறந்தகாலமாக ‘ஸ்னக்’ என்று ஹாலிவுட் படங்களில் கேட்பீர்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தலைகாட்டிய வடிவம் அது. இன்று அகராதிகளிலும் இடம் பிடித்துவிட்டது. ஆனாலும் விடைத்தாளில் ‘ஸ்னீக்டு’ என்றே எழுதுங்கள். வம்பில்லை.

அண்ணன் மகளிடம் இன்னொரு மெயில் போடச் சொன்னேன். “மை சைல்டு வாஸ் இல், ஸோ ஐ ஸ்லிப்டு அவுட் கொய்ட்லி.” பத்து நிமிடத்தில் பதில் வந்ததாம், குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு.