வண்டியின் வில்லும் வீட்டாரின் முதுகும்

கராச்சர்மாவில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். எட்டாண்டு ஓடிய சிறிய கார் ஒன்று அவரிடம் உள்ளது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், பின்னர் நகருக்கு அலுவல் பார்க்கச் செல்வதும், மாலையில் வீட்டுச் சாமான் ஏற்றி வருவதும் அதன் அன்றாடப் பணி. அண்மைக் காலமாக ஒவ்வொரு குழியிலும் வண்டி ‘தடக்’கென்று இடிக்கிறதாம். குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தினால் அழகாக இருக்கும் என்கிறான் மூத்த மகன். ஸ்பிரிங் சுருளுக்கிடையே ரப்பர் பஃபர் செருகி உயர்த்திவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். முதுகுவலியால் வருந்தும் தாயாரோ, “எதையாவது செய்யப்பா, என்னை இடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ” என்கிறார். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதே அன்பரின் வினா.

இவ்வினா நம் வீட்டுத் திண்ணையிலும் ஒருகாலத்தில் எழுந்ததுதான். அப்போது நாம் தவறான விடையைத் தேர்ந்தோம். அதனையும் மறையாது சொல்லுவோம். முதற்கண் பொருளின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

கட்டைவண்டியிலும் வில்வண்டியிலும் பயணம் செய்த முதியோர் நம்மிடையே இன்னும் உளர். கட்டைவண்டியில் பாதையின் மேடுபள்ளம் அப்படியே உடலில் ஏறும். வில்வண்டியில் அடியிலுள்ள இரும்புப் பட்டைகள் வளைந்து கொடுத்து அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காரில் அவ்வேலையைச் செய்வது ஸ்பிரிங். ஆயினும் ஸ்பிரிங் ஒன்று மட்டும் இருந்தால், ஒரு குழியில் இறங்கிய வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதற்கே ஷாக் அப்ஸார்பர் உள்ளது. அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கப்பட்டுச் செல்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் தன்விருப்பப்படி மாற்றினால் மற்றது தன் கடமையில் தவறும். இதை மறந்தவர்களே பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

அவ்வாறு இழந்தோருள் நாமும் ஒருவர். சில ஆண்டுகட்கு முன் வண்டி தொய்ந்துவிட்டது என்று எண்ணி, கடினமான புது ஸ்பிரிங் நான்கினை வருவித்துப் பூட்டினோம். பழைய ஷாக்கை மாற்றவில்லை; ‘இன்னும் ஓராண்டு ஓடும்’ என்று சொன்னதை நம்பினோம். கடின ஸ்பிரிங்கின் உதைப்பை அடக்கும் வலிமை அத்தளர்ந்த ஷாக்குக்கு ஏது? ஒரு மழைநாள் மாலை, சரிவான வளைவொன்றில் சிறு குழிகளின் மேல் சென்றபோது, பின்சக்கரங்கள் தரையைப் பற்றாமல் துள்ளின. வண்டியின் பின்புறம் ஒரு முழம் வெளியே இழுத்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பின்னிருக்கையில் நம் அன்னையார் இருந்தார். வீடு வரும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கதவின் கைப்பிடியைப் பற்றிய கையையும் எடுக்கவில்லை. ஷாக் என்பது சுகத்துக்கு மட்டும் உரிய பொருளன்று, சக்கரத்தைத் தரையோடு பிணைத்துவைக்கும் பொருள் என்பதை அன்று உணர்ந்தோம். தளர்ந்த ஷாக் உள்ள வண்டி, பிரேக் பிடித்து நிற்கவும் கூடுதல் தூரம் கேட்கும்.

ஆதலின் அன்பருக்கு நாம் கூறும் முதல் யோசனை, உடனே ஒன்றும் வாங்காதீர்கள் என்பதே. முதலில் டயரின் காற்றைப் பாருங்கள்; ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் உரிய அளவு காணப்படும். காற்று மிகுந்த டயரும் இடிக்கும். அடுத்து, ‘தடக்’ என்னும் ஓசை எங்கிருந்து வருகிறது என்று பட்டறையில் வண்டியைத் தூக்கி ஆராயச் செய்யுங்கள். சிறு குழியில் எழும் ஓசைக்குப் பல வேளைகளில் காரணம் ஸ்பிரிங் அன்று. தேய்ந்த லிங்க் ராடு, கிழிந்த ரப்பர் புஷ், முன் ஸ்ட்ரட்டின் மேலுள்ள மவுண்ட் ஆகியவையே. இவை சிறு செலவில் தீரும். பின்னர் வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அமைதியடைந்தால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் ஓய்ந்துவிட்டது. அதன் உடலில் எண்ணெய் கசிந்திருப்பினும், டயர் அலையலையாகத் தேய்ந்திருப்பினும் அதே முடிவுதான்.

ஷாக் மாற்றத்தான் வேண்டுமெனில் எதனை வாங்குவது? நம்நாட்டுச் சிறு கார்களுள் பெரும்பாலானவற்றில் முன்புறம் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு உள்ளது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும். அன்றாட ஓட்டத்துக்கு, வண்டி பிறந்தபோது இருந்த அதே நீளமும் அதே அளவும் உடைய, வாயு நிரப்பிய ஷாக்கே ஏற்றது. எண்ணெய் மட்டும் உள்ள ஷாக், கரடுமுரடான பாதையில் ஓயாது இயங்கும்போது நுரைத்துத் தன் பிடிப்பை இழக்கும். வாயுவின் அழுத்தம் அந்நுரையைத் தடுக்கிறது. ஜெர்மானிய பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்ஸிடஸ் வண்டிகளுக்கு இத்தகைய ஒற்றைக் குழாய் ஷாக்கை அளித்தது. இந்நாளில் நெடுந்தொலைவு தேடவேண்டியதில்லை; 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. எதை வாங்கினாலும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. மவுண்ட், தூசுக்காப்பு ரப்பர் ஆகியவற்றையும் உடன் மாற்றுக. முடிவில் சக்கர அலைன்மென்ட் பார்க்க மறவாதீர்.

மகனுக்கு ஒரு சொல். தம்பி, தாழ்ந்த வண்டி பார்வைக்கு அழகுதான். ஆனால் ஐவர் ஏறி, பின்பெட்டியில் அரிசி மூட்டையும் இருந்தால் அது இன்னும் தாழும். ஸ்பிரிங்குக்கு இயங்க இடமின்றி முட்டுக்கட்டை ரப்பரில் மோதும். அந்த மோதல் அனைத்தும் பாட்டியின் முதுகுக்கே போய்ச் சேரும். சாத்தமிலிருந்து பாம்பூ ஃப்ளாட்டுக்கோ, நெடுஞ்சாலை வழியே பாராடாங்குக்கோ செல்லும்போது வண்டிப் படகின் சரிபலகையில் ஏறவேண்டும். தாழ்ந்த வண்டியின் மூக்கு அங்கே உராயும். உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் வகையும் நம் தீவுக்கு உகந்ததன்று. உப்புக்காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் அதன் மரையை விரைவில் துருப்பிடித்து இறுக்கிவிடும்.

பட்டறைக்காரர் கூறிய பஃபரும் மருந்தன்று. அது சுருளின் ஒரு பகுதியை இயங்காமல் கட்டிவிடுகிறது; எஞ்சிய பகுதி முழுப்பாரத்தையும் சுமக்கிறது. வண்டி உயரும், ஆனால் கடினமாகும். எந்நாளும் மிகுபாரம் ஏற்றுவோர் அதற்கென அளந்து செய்த ஸ்பிரிங்கையும் பொருந்திய ஷாக்கையும் ஒருசேர வாங்குவதே முறை.

சட்டத்தையும் நினைவில் வைத்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019-இல் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தப்படி, விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. தேய்ந்த உறுப்புக்கு ஈடாக அதே அளவுள்ள உறுப்பைப் பொருத்துவதில் இவ்விடர் இல்லை.

நம் தீவினர்க்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. உறுப்புகள் பல சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்கடந்து வருகின்றன. தவறான எண்ணில் வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது எளிதன்று. ஆகவே வண்டியின் ஆண்டு, வகை, பெட்ரோலா டீசலா, பழைய உறுப்பின் மேலுள்ள எண் ஆகியவற்றைக் குறித்தனுப்பிய பிறகே பணம் செலுத்துக. புதியன வந்து பொருந்தும்வரை பழையவற்றைக் கழற்றாதீர். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவது ஷாக்கின் ஆயுளை நீட்டும்.

அன்பர் நம் சொற்படி வண்டியை ஆராயச் செய்தார். இரண்டு லிங்க் ராடும் பின் ஷாக் இரண்டுமே பழுது. மகனின் குட்டை ஸ்பிரிங்குக்கு ஆகும் தொகையில் பாதிக்கும் குறைவாகவே செலவு முடிந்ததாம். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குச் சென்று திரும்பிய தாயார், வழியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தார். இனி எவரேனும் நம்மிடம் நல்ல ஸ்பிரிங் எது என்று கேட்பின், உங்கள் வீட்டு முதியோர் பின்னிருக்கையில் உறங்குகிறாரா என்று பாருங்கள் என்றே சொல்லுவோம்.