இலையுதிர் காலத்திற்கும் ஒரு மலர்

டொராண்டோவில் செப்டம்பர் பிறந்ததும் கடை வாயில்களில் சாமந்தித் தொட்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வாங்குகிறோம்; சில வாரங்கள் மகிழ்கிறோம்; கடும் உறைபனி விழுந்ததும் வாடிய செடியைக் குப்பையில் சேர்க்கிறோம். மருத்துவமனை வாயிலிலும் வீட்டு முற்றத்திலும் ஆண்டுதோறும் இதுவே நடக்கிறது. இவ்வழக்கத்தை மாற்றலாம் என்பது எங்கள் கருத்து. சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததும் இம்மண்ணுக்கே உரியதுமான ஆஸ்டரை நடுவோம்.

நோயாளிக்குச் சன்னல் வழியே தெரியும் காட்சி சிறு செய்தியன்று. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரைப் பற்றிய சிறிய ஆய்வொன்றை 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்டார். மரங்கள் தெரியும் அறையில் இருந்தோர், செங்கற்சுவரை மட்டும் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பியிருந்தனர். சிகிச்சையோ கோடையோடு முடிவதில்லை. அக்டோபரில் வருவோர் வெறும் பாத்திகளையே பார்க்கும்படி விடலாமா?

நியூ இங்கிலாந்து ஆஸ்டர் ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் வரை, மஞ்சள் நடுவைச் சுற்றி ஊதா இதழ்களுடன் பூக்கும். மெக்சிகோ நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளும், குளிர்கால உறக்கத்திற்குமுன் உணவு தேடும் பம்பிள் தேனீக்களின் இளம் ராணிகளும் அதன் தேனை நாடி வரும்.

நோயாளியைப் பராமரிப்போருக்குத் தோட்டம் பேண நேரமேது என்று கேட்கலாம். அதனாலேயே இச்செடியைப் பரிந்துரைக்கிறோம். வெயில் படும் இடத்தில் வசந்தத்தில் ஒருமுறை நட்டு, முதலாண்டில் தவறாது நீரூற்றினால், பின்னர் அது பெரும்பாலும் தானே வளரும். குளிரில் மேற்பகுதி காய்ந்தாலும் வேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும். ஆளுயரம் வளர்ந்து சாயக்கூடும். ஜூன் தொடக்கத்தில் பாதி உயரத்திற்கு வெட்டிவிட்டால் குட்டையாகவும் அடர்ந்தும் நிற்கும். அடியிலைகள் பழுத்து உதிர்வதால், அவற்றை மறைக்க முன்னால் சிறு செடிகளை வைக்கலாம். நிழலான இடத்திற்கு, இதய வடிவ இலைகளைக் கொண்ட மற்றொரு ஆஸ்டர் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. மண்ணிலுள்ள பூஞ்சைகள் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோருக்குத் தீங்கு செய்யக்கூடும். அவர்கள் மண்ணில் கைவைக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தோண்டுவது மற்றவர்களின் பணியாகட்டும். இடத்தைத் தேர்வது நோயாளியின் உரிமையாகட்டும். கட்டிலில் படுத்திருக்கும்போது தோட்டத்தின் எந்த மூலை கண்ணில் படும் என்பதை அவரே நன்கு அறிவார்.