முட்டைக்குச் சாயம் ஏற்றுவது தமிழ் வகுப்பின் வேலையா?



ஈஸ்டருக்கு முந்திய வாரத்தில் தொடக்கநிலை மூன்று மாணவர்கள் முட்டைக்குச் சாயம் ஏற்றுவார்கள் என்று அறிவித்தேன். எதிர்ப்பு எழுந்தது. "வெள்ளைக்காரர் வழக்கம் தமிழ் வகுப்பில் எதற்கு?" என்றார் ஒரு தந்தை. "அப்படியானால் பயிற்சித்தாள்?" என்றார் ஒரு தாய்.

முதற்கேள்விக்கு விடை எளிது. இடைக்காலத் திருச்சபை தவக்காலத்தில் முட்டையை விலக்கியது. கோழிகளோ நோன்பை அறியா. சேர்ந்துவிட்ட முட்டைகளே உயிர்ப்பு விழாவை அணிசெய்தன. ஆனால் வண்ண முட்டை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. பாரசீகர் நவ்ரோஸ் புத்தாண்டில் வைக்கின்றனர். தெம்பனிஸில் நம் அண்டைவீட்டுச் சீனர் குழந்தையின் முழுமாத விழாவுக்குத் தரும் சிவப்பு முட்டையை நாமும் உண்டிருக்கிறோம். ஈஸ்டரே தமிழருக்கு அயல் என்போர், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தை எங்கே வைப்பார்கள்?

இரண்டாம் கேள்விதான் எனக்குச் சினமூட்டுகிறது. நனை, தோய், ஊறவை என்னும் மூன்று சொற்களையும் பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்பும் பிள்ளை, வாய்மொழித் தேர்வில் மூன்றுக்கும் "தண்ணியில போடு" என்கிறது. சாயத்தை முட்டையின்மேல் பூசுவது வேறு, முட்டைக்கு ஏற்றுவது வேறு. இதை எந்தத் தாள் கற்பிக்கும்? வீட்டில் தமிழ் ஒலிக்காத பிள்ளைக்குக் கையே முதல் அகராதி.

செய்முறை கடினமன்று. இரண்டு கைப்பிடி வெங்காயத் தோலை அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் செம்பழுப்பு, மஞ்சள்தூளில் மஞ்சள், ஊதா முட்டைக்கோஸில், வியப்பாக, நீலம். ஒரு கோப்பைச் சாய நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். அது ஓட்டின் சுண்ணத்தைச் சற்றே அரித்துச் சாயம் பற்ற வழிசெய்கிறது. நம் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது பழுப்பு ஓட்டு முட்டை. அதில் நீலம் எடுபடாது. விலை கொடுத்துச் சாயப் பொட்டலம் வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெங்காயத் தோலோ பழுப்பு ஓட்டிலும் அழகாக ஏறும்.

ஓவிய வகுப்பு வண்ணங்கள் வேண்டா, உண்ணப்போகும் பொருள். அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கலாகாது. நம் வெக்கையில் அதற்கும் முன்னரே உள்ளே வைப்பது நன்று. ஓடு விரிசல் கண்டதைப் பிள்ளைக்குத் தராதீர்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பருத்தித் துணி தருவேன். அதே சாயம், அதே சொற்கள்.

பயிற்சித்தாள் அடுத்த வாரம் வரும், அஞ்சவேண்டா. இந்த வாரம் வெங்காயத் தோலைக் குப்பையில் இடாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். போதவில்லையென்றால் தேக்கா சந்தையில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.