பெரிய எண்ணும் சிறிய துறவியும்



147573952589676412927. இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதன் வரலாற்றில் நம் இல்லங்களுக்கு உரிய பாடம் ஒன்று அடங்கியுள்ளது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இரண்டும் பகா எண்களே. ஆனால் இவ்வாறே பதினோரு இரண்டுகள் தரும் 2047 அத்தகையது அன்று. 23-ஐ 89-ஆல் பெருக்க அது வந்துவிடும். அறுபத்தேழு இரண்டுகள் தருவதே நாம் மேலே கண்ட பெரிய எண். அது பகா எண்தானா?

ஆம் என்றார் பாரிஸ் நகரில் வாழ்ந்த மரேன் மெர்சென் (1588-1648) என்னும் குரு. பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபைத் துறவி அவர். மிகச் சிறியோர் என்பதே அச்சபைப் பெயரின் பொருள். தெக்கார்த், பெர்மா முதலிய பேரறிஞர்கள் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்கையில் எவை பகா எண்கள் ஆகும் என்று அவர் பட்டியலிட்டார். 67 அதில் இருந்தது. பதினைந்து, இருபது இலக்க எண்ணைச் சோதிக்க எல்லாக் காலமும் போதாது என்பதையும் அவரே எழுதினார்.

1876-இல் பிரெஞ்சு அறிஞர் லூக்கா, இவ்வெண் பகா எண் அன்று என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் எவை என்பது அவருக்கும் புலப்படவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் பிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டறிந்தார்: 193707721, 761838257287. அறிஞர் மன்றத்தில் அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இரண்டையும் பெருக்கிக் காட்டி அமர்ந்ததாகவும், இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டதாகப் பின்னர்க் கூறியதாகவும் பெல் என்னும் கணித நூலாசிரியர் எழுதியுள்ளார்.

மெர்சென் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகியவை விடுபட்டன. ஆயினும் அவர் பெயர் மங்கிற்றா? இல்லை. இவ்வகை எண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. 2024-இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் அவ்வகையினதே.

பெரியோர் சொல்லைச் சோதிப்பது அவர்களை அவமதிப்பது ஆகாது. அத்துறவியின் சொல்லை மதித்ததாலன்றோ பின்வந்தோர் அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தனர்! நம் பிள்ளைகள் “அது எப்படி?” என்று கேட்கும்போது, “பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்” என்று அதட்டி வாயடைக்கிறோம். வேண்டாம். அவர்களோடு அமர்ந்து நாமும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விடை நம் சொல்லுக்கு மாறாக வந்தால் மகிழ்ந்து ஏற்போம். உண்மையின் ஊற்று இறைவனே. அவ்வுண்மையைத் தேடும் பிள்ளை அவரை விட்டு விலகிச் செல்வதில்லை.