லேப்டாப் ஃபேன் ஓவரா சத்தம் போடுதா? வள்ளூர், கும்மிடிப்பூண்டி மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

லேப்டாப்பை ஆன் பண்ணி பத்தே நிமிஷம்தான். மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம். 'ஃபேன் போச்சு' என்று நேராகக் கடைக்கு ஓடுகிறோம். ஆனால் பல நேரங்களில் ஃபேன் கெட்டிருக்காது. உள்ளே சூடு ஏறிவிட்டது, அதைத் தணிக்க ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பகுதிக்கு ஏன் முக்கியம்?

2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கும் அரசு லேப்டாப் வழங்கத் தொடங்கியது. பல வீடுகளில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் இதுதான். அது நின்றால் படிப்பும், வேலைக்கான விண்ணப்பமும் சேர்ந்தே நிற்கும்.

தூசியும் வெயிலும்

வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகள், சாலை முழுக்க லாரிகள். எண்ணூர் வட்டாரத்தின் நிலக்கரிச் சாம்பல் பிரச்னை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இந்தத் தூசிக்கு நடுவில் இருக்கும் வீடுகளில், ஃபேன் காற்றோடு சேர்த்துத் தூசியையும் உள்ளே இழுக்கும். காற்று வெளியேறும் தகட்டில் அது படிந்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கும்.

அடுத்தது வெயில். இதே மாவட்டத்தின் திருத்தணியில் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். லேப்டாப் ஃபேன் ஏசி இல்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது உள்ளே அனுப்பும். அறையே கொதித்தால் அதுவும் என்ன செய்யும்?

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

'உஸ்' என்று காற்றடிக்கும் சத்தம்: சூடு அல்லது தூசி. வீட்டிலேயே கவனிக்கலாம்.

'கரகர', 'டக்டக்' சத்தம்: பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது இறக்கையில் ஏதாவது உரசலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சத்தமே இல்லை, ஆனால் தொட முடியாத சூடு: இதுதான் ஆபத்து. ஃபேன் நின்றிருக்கலாம். உடனே ஆஃப் செய்யுங்கள்.

என்ன செய்யலாம்?

* மெத்தை, தலையணை, மடி மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள்.
* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியுவை அதிகம் இழுக்கும் ஆப்பை மூடுங்கள்.
* பவர் செட்டிங்கில் 'பேலன்ஸ்டு' வைத்தாலே பல லேப்டாப்களில் சத்தம் குறையும்.
* வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். வாரண்டி கைவிட்டுப் போகலாம். வாரண்டி முடிந்திருந்தால் தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

அப்படியே விட்டால்?

சூடு அளவு மீறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப் திணறும், சில நேரம் பட்டென்று ஆஃப் ஆகும். தொடர்ந்த சூடு பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

கடையில் 'போர்டு மாத்தணும்' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 'முதல்ல தூசி எடுத்துப் பாருங்க' என்று கேளுங்கள். பெரிய செலவு மிச்சமாக வாய்ப்பு இருக்கிறது.